நெருப்புக்கு அந்தப் பக்கம்

அந்த பேக்கரியில் மாவை யார் கை வேண்டுமானாலும் தொடலாம். ரொட்டியை அப்படித் தொட்டுவிட முடியாது. மாவு அடுப்புக்குள் போய் ரொட்டியாக வெளியே வந்த நிமிஷத்திலிருந்து இக்கரைக்காரர்களின் கைதான் அதில் படலாம். இப்படி ஒரு சட்டம் இருப்பதாக யாரும் எழுதி ஒட்டியதில்லை. வாய்விட்டுக் கேட்டால், அதெல்லாம் அந்தக் காலம், இப்போது யார் பார்க்கிறார்கள் என்று சிரிப்பார்கள். ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிற ஒருத்தி தட்டிலிருந்து ஒரே ஒரு பன்னை எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும், சிரித்தவர்கள் முகம் சுண்டிப்போகும்.

அக்கரைக்காரர்கள், செங்கல் அறுக்கவும் சாலை போடவும் எப்போதோ கொண்டுவந்து இறக்கிய கூட்டத்தின் பிள்ளைகள். கொண்டுவந்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வந்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இறக்கி வைத்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. நிறம் கறுப்பு, அதனால்தான் இந்தப் பாடு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அக்கரையில் வெளுத்த பிள்ளைகளும் பிறப்பதுண்டு, இக்கரையில் அட்டக்கரியான பெரிய மனிதர்களும் உண்டு. நிறத்தில் சந்தேகம் வந்தால் "வீடு எங்க?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள். பாலம் என்று சொன்னதும் கேட்டவருக்கு எல்லாம் விளங்கிவிடும். அதுவரை 'நீங்க' போட்டுக்கொண்டிருந்தவர் 'நீ'க்கு இறங்கிவிடுவார்.

அக்கரைக்குள்ளும் இந்தப் படிக்கட்டு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாவு பிசைகிற வீட்டுக்காரர்கள் சாக்கடை அள்ளுகிறவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மேலே இருக்கிறவனை ஒன்றும் செய்ய முடியாத எரிச்சலுக்கு, நமக்கும் கீழே ஒருத்தன் இருக்கிறான் என்பது நல்ல மருந்து. அந்த மருந்தைத் தின்றுதான் பலபேர் பிழைத்துக் கிடந்தார்கள்.

பேக்கரிக் கட்டிடமும் இந்த வழக்கத்துக்குத் தோதாகவே இருந்தது. பின்பக்கம் மாவறை, அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சாம்பல் நிறக் கோட்டு. நடுவில் அடுப்பறை. முன்பக்கம் பொட்டலம் கட்டும் கூடம், அதற்கும் முன்னால் கடை, அங்கேயெல்லாம் வெள்ளைக் கோட்டு. மாவறைக்கும் அடுப்பறைக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் திட்டு இருந்தது. உப்பி வந்த மாவை அச்சோடு கொண்டுவந்து அதில் வைத்துவிட்டுப் பின்னால் போய்விட வேண்டும். அடுப்புக்காரர் வந்து எடுத்துக்கொள்வார். முழங்கை வரை விட்டு, வேர்வை சொட்டச் சொட்டப் பிசைந்ததெல்லாம் நெருப்பில் சுத்தமாகிவிடும் என்று ஊருக்கு நம்பிக்கை. பிசைந்தவளைச் சுத்தமாக்க மட்டும் எந்த நெருப்பும் கிடையாது.

பிசைகிறவர்களில் மூத்தவள் மாவக்கா. ஒடிசலான உடம்பு, மணிக்கட்டு மட்டும் ஆம்பிளை மணிக்கட்டு. அதிகம் பேசமாட்டாள், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவள் புருஷன் அதே பேக்கரியில் மூட்டை இறக்குகிறவர். முதுகில் எத்தனை மூட்டை ஏற்றினாலும் முனகாத மனுஷன், வீட்டிலும் அப்படித்தான். அவருடைய தங்கை, புருஷன் விட்டுப்போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்து தங்கியவள், மாவறையில் பன் உருட்டினாள். அண்ணனும் அண்ணியும் பேசாமல் மிச்சம் வைத்ததையெல்லாம் இவள் ஒருத்தியே பேசித் தீர்த்துவிடுவாள். மூன்று பேர் சாப்பாடும் அந்த ஒரே கூரையை நம்பித்தான் இருந்தது. வேலை முடிந்து போகும்போது முந்தின நாள் ரொட்டியைப் பின்வாசல் வழியாகச் சாக்கில் போட்டுக் கொடுப்பார்கள். அதைத் தேநீரில் முக்கி ஊறவைத்துத்தான் தின்ன வேண்டும். சுடச்சுட ரொட்டி தின்ற மாவுக்காரர்கள் அக்கரையில் கிடையாது.

இந்த வீட்டார் காத்துவந்த ஒரு ரகசியம் இருந்தது. அடுப்புக்காரருக்குக் கண் போய்விட்டது.

அவர் குடும்பத்துக்கு அடுப்பு பரம்பரைச் சொத்து. அப்பன் பாட்டன் எல்லாரும் அதன் முன்னால் நின்று காய்ந்தவர்கள்தான். ஒரே மகன் கார் ஓட்டப் போகிறேன் என்று வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டான். நெருப்பைப் பார்த்துப் பார்த்து இவருக்குக் கண்ணில் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. ரொட்டி சிவந்திருக்கிறதா கருகியிருக்கிறதா என்று தெரியவில்லை. வெளியே சொன்னால் வேலை போகும், வேலையோடு மானமும் போகும். ஒரு விடியற்காலை ஓர் அடுப்பு ரொட்டி அத்தனையும் கரியாகிவிட, திட்டுக்கு அந்தப் பக்கம் நின்று தணிந்த குரலில் மாவக்காவைக் கூப்பிட்டார். "ஏம்மா, கொஞ்சம் வந்து பாத்துச் சொல்லேன்." பார்த்துச் சொல்லப் போனவள் பிறகு எடுத்துக் கொடுக்கப் போனாள், எடுத்துக் கொடுக்கப் போனவள் கடைசியில் அடுப்பையே பார்த்துக்கொண்டாள். கூடத்து ஆட்கள் வருவதற்குள் காலை ரொட்டி முழுக்க வெளியே வந்து அலமாரியில் ஏறிவிடும். அவள் மாவறையில் நின்று உருட்டிக்கொண்டிருப்பாள். பிறகு வருகிற பன்னையும் ரஸ்க்கையும் அடுப்புக்காரர் மூக்கை வைத்தே சமாளித்துவிடுவார். இரண்டு மழைக்காலமாக ஊர் தின்ற காலை ரொட்டி மாவக்கா எடுத்த ரொட்டிதான்.

அடுப்புக்காரர் கெட்டவர் இல்லை. அவளுடைய வேலையைப் பார்த்து, "உன் கைக்கு அடுப்பு பேசுதும்மா" என்று மனசாரச் சொல்லியிருக்கிறார். ஆனால் கூடத்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும், "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று அவளை விரட்டுவார். அந்த விரட்டலில் ஒரு நாளும் சுருதி குறைந்ததில்லை. மாவக்காவும் போய்விடுவாள். பழக்கம் அப்படி.

அன்றைக்கு மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு பெய்தது. முதல் அடுப்பு ரொட்டி வெளியே வந்துவிட்டது, இரண்டாவது உள்ளே வெந்துகொண்டிருந்தது. அடுப்புக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதிரியாக வருகிறது என்றவர், ரொட்டி எடுக்கிற நீளப் பலகையின் மேலேயே சாய்ந்தார். பலகை பிடியோடு முறிந்தது. மாவக்கா போட்ட சத்தத்தில் அவள் புருஷன் ஓடிவந்து பார்த்தார். மூட்டையைத் தூக்குகிற மாதிரியே அடுப்புக்காரரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

உள்ளே இருந்த ரொட்டியை விட்டால் கரியாகிவிடும். பலகையும் இல்லை. மாவக்கா காய்ந்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு அச்சாக இழுத்து எடுத்தாள். அவசரத்தில் அடுப்பின் இரும்பு வாயில் முன்கை பட்டு ஒரு விரல் அகலத்துக்கு வெந்துபோனது. அடுப்புக்காரர்கள் எல்லாருக்கும் அதே இடத்தில் ஒரு தழும்பு இருக்கும், அதைக் காட்டிப் பெருமை பேசுவார்கள். கடைசி அச்சு அவள் கையில் இருக்கும்போது கூடத்துக் கதவு திறந்தது. பொட்டலம் கட்டுகிறவர்களுக்குத் தலைவியான மேஸ்திரியம்மா, நனைந்த குடையோடு வாசலில் நின்றாள். அச்சைப் பார்த்தாள், வெந்த கையைப் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

ரொட்டி என்னவோ கடைக்குப் போனது. முன்னால் வரிசை நின்றது, முதலாளி அவசரப்படுத்தினார், போகாமல் என்ன செய்யும். ஊர் பாதி தின்று முடித்த பிறகுதான் விஷயம் அரசல் புரசலாகக் கசிந்தது. மத்தியானத்துக்குள் கூடத்துப் பெண்கள் கூடிக் கூடிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சாயங்காலம் முதலாளி மாவக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சின்ன வயசு, அப்பா காலத்துக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர், நன்றாகப் படித்தவர். 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கூடத்துச் சுவரில் மாட்டியவரும் அவர்தான். காயத்துக்கு மருந்து போட்டாயா என்று விசாரித்தார். அவள் செய்தது பெரிய உதவி, சாகிறவரை மறக்க மாட்டேன் என்றார். தனக்கு எந்த வித்தியாசமும் கிடையாது, தன் வீட்டிலும் கிடையாது, ஜனங்கள்தான் இன்னும் மாறவில்லை என்று வருத்தப்பட்டார். இவ்வளவு பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார். ரொட்டியை அடுப்புக்காரரே எடுத்து வைத்துவிட்டுத்தான் விழுந்தார் என்று கூடத்து ஆட்களிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கையில் சூடு பட்டது அவரைத் தூக்கும்போது என்று சொன்னால் போதும்.

"அது சரிங்க முதலாளி. நாளைக்கு யாரு எடுப்பா?" என்றாள் மாவக்கா.

அதற்கும் முதலாளி வழி வைத்திருந்தார். அவருடைய மச்சான் ஒருத்தர், போன் கடை வைத்து நொடித்துப்போய் சும்மா இருந்தார். நாளையிலிருந்து அவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அடுப்பறையில் நிற்பார். கூடத்துக் கதவு சாத்தியிருக்கும். வேலையை மாவக்கா பார்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு அடுப்பு வேலை தெரியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துவிட்டதே.

"பேரு அவருக்கு, சூடு எனக்கா?"

முதலாளி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அதுக்கு அடுப்ப எனக்கே குடுத்துடுங்களேன். கதவத் தொறந்து வச்சே நான் பாக்குறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ விவரம் தெரிஞ்சவ. உங்க வீட்டுல மூணு பேரு இங்க வேல பாக்குறீங்க. போய் யோசிச்சுப் பாரு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்த வேண்டிய அவசியமும் இல்லை.

வெளியே வந்தவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. புருஷனையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அடுப்புக்காரர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இனி நெருப்புப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருடைய மனைவி வார்டு வாசலிலேயே இவர்களை நிறுத்தி, தன் தாலியைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லி அழுதாள். அழுது முடித்துவிட்டு, அவர் தூங்குகிறார், இங்கிருந்தே பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள். அவர் தூங்கவில்லை. குரல் கேட்டு, வரச்சொல் என்று கையை அசைத்தார்.

மாவக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, முதலாளி சொன்னதை அப்படியே சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அவர் சொன்னபடியே செஞ்சுடும்மா. எனக்கு அதான் நல்லது. அடுப்ப உன்கிட்ட விட்டுட்டு நின்னேன்னு தெரிஞ்சா என் சனம் என்னை உயிரோட பொதச்சிடும்."

"உங்க கண்ணப் பத்தி ஒரு வார்த்தை என் வாயில வராதுய்யா. அது சத்தியம். என் கையப் பத்தி நான் சொல்லித்தான் ஆகணும்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

அவளுக்கு அவர் சொன்னது நியாயம்தான் என்று பட்டது. தன் பக்கம் இருப்பதும் நியாயம்தான் என்று பட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படியில் இறங்கும்போது கண் கலங்கியது, புருஷனுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் நாத்தனார் காத்திருந்தாள். அவளுக்கு விஷயம் முன்னாலேயே எட்டியிருந்தது. அக்கரையில் மாவறை வேலைக்குப் போகிற வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரு நடை வந்து, மாவக்கா ஏதாவது வீம்பு பண்ணி எல்லார் வேலைக்கும் உலை வைத்துவிடப் போகிறாள் என்று புலம்பிவிட்டுப் போயிருந்தார்கள். கஞ்சியை ஊற்றி வைத்த கையோடு நாத்தனார் ஆரம்பித்தாள். இத்தனை நாளும் ஒளிந்து ஒளிந்துதானே செய்தீர்கள் அண்ணி, இன்னும் கொஞ்ச நாள் ஒளிந்து செய்தால் குடியா முழுகிவிடும்? அந்தக் கிழவருக்காகச் செய்ததை முதலாளிக்காகச் செய்தால் என்ன? மூன்று பேர் வேலையும் போனால் பாலத்தடியில் சாக்கடை அள்ளவா போவது?

"அள்ளுறவங்க அள்ளிட்டுத்தான இருக்காங்க. அவங்களும் மனுஷங்கதான்" என்றாள் மாவக்கா.

"பேச நல்லாதான் இருக்கு. நாம மாவுக் கை அண்ணி. ஒரு படி மேல வர நம்ம ஆளுங்க எவ்வளவு பாடு பட்டாங்க."

"எந்தப் படி? எவ்வளவு ஏறினாலும் திட்டுக்கு இந்தப் பக்கம்தான நிக்கிறோம். கிழவருக்கு நான் செஞ்சது வேற. அவரு கண்ணு தெரியாம தடுமாறுனாரு, கை குடுத்தேன். முதலாளி மச்சானுக்கு என்ன, ரெண்டு கண்ணும் நல்லாத்தான இருக்கு? வேல என்னோடது, அது என்னோடதுன்னு சொல்றதுக்கு நான் எதுக்கு ஒளியணும்?"

நாத்தனார் விடவில்லை. அண்ணனைப் பார்த்து, நீயாவது வாயைத் திறந்து சொல்லேன் அண்ணா என்றாள். அவர் கஞ்சியைக் குடித்து முடித்தார். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தோள்ல போட்டுப் போனேன்ல, பாதி வழியில அவருக்கு முழிப்பு வந்துச்சு" என்றார். "யாரு தூக்கிட்டுப் போறதுன்னு பாத்தாரு. பெரிய தெரு வேணாம், சந்து வழியாப் போ, ஆளுங்க பாக்குறாங்கன்னாரு."

பெண்கள் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"உசுரு போயிட்டிருக்கு. அப்பவும் அவருக்கு அதான் நெனப்பு. நானும் என்ன பண்ணேன் தெரியுமா? சரிங்கய்யான்னு சந்து வழியா சுத்திப் போனேன். வழியில செத்துருந்தா என்ன ஆயிருக்கும்? அவரு சொன்னாரு, சரி. நான் ஏன் கேட்டேன்? அதான் காலைலேருந்து மனசு ஆறல."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அந்த வீடு கேட்டதில்லை. மாவக்காவைப் பார்த்து, "நீ என்ன செய்யணுமோ செய். கூலி வேலைக்கு எனக்கு முதுகு இருக்கு" என்றார். நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விளக்கைத் துடைக்கப் போனாள்.

மறுநாள் விடியும்போது மழை விட்டிருந்தது. மச்சான் மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டில் அடுப்பறைக்கு வந்து சேர்ந்தார். அவர் பூசியிருந்த சென்ட் வாசனையில் புளித்த மாவு வாசனையே அமுங்கிப்போனது. அடுப்புச் சூடு தாங்காமல் மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து போனை நோண்ட ஆரம்பித்தார். புது அடுப்புக்காரரைப் பார்க்க வேண்டும் என்று முதலாளி கூடத்து ஆட்களைச் சீக்கிரமே வரச் சொல்லியிருந்தார். சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேச்சுக்குரல் கேட்டது.

மாவக்கா எப்போதும்போல வேலை செய்தாள். விறகைத் தள்ளிவிட்டாள், கரியை ஒதுக்கினாள், ஈரத் துணியைக் கோலில் கட்டித் தளத்தைத் துடைத்தாள். ஒரு பிடி மாவைத் தூவி அது சிவக்கிற வேகத்தைப் பார்த்தாள். புதுப் பலகையில் அச்சுகளை ஏற்றி, உள்ளே தூரத்து மூலையிலிருந்து வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்தாள். மாவறையில் இருந்த எல்லாரும் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். இரும்புக் கதவைச் சாத்தினாள், வேர்வையைத் துடைத்தாள். ரொட்டி மணம் கிளம்புகிறவரை அங்கேயே நின்றாள்.

பிறகு கூடத்துக் கதவின் தாழ்ப்பாளை எடுத்து, இரண்டு கதவையும் அகலமாகத் திறந்து வைத்தாள்.

மேஸ்திரியம்மாவும் மற்றப் பெண்களும் வாசலில் கூடினார்கள். அவர்களுக்குப் பின்னால் கடையும், கடையில் பை வைத்துக்கொண்டு நிற்கிற வரிசையும் தெரிந்தன. மாவக்கா பலகையை மச்சானுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்தாள். திட்டைச் சுற்றிக்கொண்டு மாவறைக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்க போற? ரொட்டி?" என்றார் மச்சான்.

"உள்ள வச்சாச்சு சார். என் கை இதுவரைக்கும்தான் படலாம். இதுக்கு மேல உங்க கைதான் படணும். எடுங்க."

மச்சான் போனைப் பையில் வைத்தார். வாசலில் நின்ற பெண்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். பலகையைத் தூக்கிக்கொண்டு போய், சூடு முகத்தில் அடித்ததும் பின்வாங்கினார். மறுபடியும் போய் ஓர் அச்சை இழுத்தார். அது அடுப்பு வாய்க்கு வருவதற்குள் கவிழ்ந்து, பாதி வெந்த ரொட்டி சாம்பலில் உருண்டது. அவர் பலகையைப் போட்டுவிட்டுக் கையை ஊதிக்கொண்டார். சத்தம் கேட்டு முதலாளி கடையிலிருந்து ஓடிவந்தார்.

அடுப்பிலிருந்து வந்த மணம் மாற ஆரம்பித்திருந்தது. மாவறையில் இருந்தவர்களுக்கு அது தெரியும். "அண்ணி, கருகிடும் அண்ணி" என்று நாத்தனார் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தன் கையால் உருட்டின ரொட்டியை மாவக்கா ஒரு நாளும் கருக விட்டதில்லை. கட்டின கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"என்ன இதெல்லாம்? மொதல்ல எடு. அப்புறம் பேசிக்கலாம்" என்றார் முதலாளி.

"அப்புறம் பேசினா கதவச் சாத்திட்டுப் பேசுவீங்க முதலாளி. இப்ப தொறந்திருக்கு."

அப்போதுதான் மேஸ்திரியம்மா வாயைத் திறந்தாள். முதலாளியை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, மாவக்காவை நேராகப் பார்த்துக் கேட்டாள். "நேத்து ரொட்டிய எடுத்தது யாரு?"

"நான்தான்."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது.

"நேத்து மட்டும் இல்ல" என்றாள் மாவக்கா. "ரெண்டு மழையா நான்தான் எடுக்குறேன். நீங்க கட்டின பொட்டலம், உங்க வீட்டுப் பிள்ளைங்க தின்ன ரொட்டி, இதோ நிக்கிறாங்களே இவங்க வாங்கிட்டுப் போனது, எல்லாம் இந்தக் கை எடுத்ததுதான். யாருக்காவது வயிறு வலிச்சுதா? சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. ஓர் இளம்பெண் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். மேஸ்திரியம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். என்ன பார்த்தாளோ, கையைக் கோட்டில் துடைக்கப் போனவள் துடைக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

இரும்புக் கதவின் இடுக்கிலிருந்து நீலப் புகை மெல்ல வந்தது. முதலாளி அதைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். அந்தக் காலை ரொட்டி போனால், தினமும் அங்கே ரொட்டி வாங்குகிற பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"அடுப்பு யாரோடதுன்னு சொல்லுங்க. வரிசையில நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு என்னவோ சொன்னார்.

"கேக்கல முதலாளி."

"அடுப்பு இனிமே மாவக்காவோடது" என்று முதலாளி கத்தினார். கோபத்தில் வந்ததா பயத்தில் வந்ததா தெரியாது, குரல் கடைவாசல் வரை போனது. "அவதான் எடுப்பா. எல்லாருக்கும் கேட்டுச்சா? எடு, எடுத்துத் தொல!"

மாவக்கா திட்டைச் சுற்றிப் போகவில்லை. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அதன் மேலேயே ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள். பலகையை எடுத்தாள், கதவைத் திறந்தாள், புகைக்குள் முகத்தைக் கொடுத்தாள். அச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நாத்தனார் திட்டு மேல் பாதி உடம்பைச் சாய்த்து எட்டிப் பார்த்தாள், பிறகு அவளும் அந்தப் பக்கம் இறங்கி, காய்ந்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு ரொட்டியைத் தட்டித் தட்டி அச்சிலிருந்து கவிழ்த்தாள். மூட்டைக்காரர் எங்கிருந்தோ வந்து, நிறைந்த தட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் நடந்தார். வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதைக்கு ஒதுங்கினவர்கள் யாரும் இல்லை, மேலே பட்டுவிடக்கூடாது என்றுதான் ஒதுங்கினார்கள். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் தட்டை நீளமேஜையின் நடுவில் இறக்கினார்.

கூடத்துப் பெண்களில் பாதிப் பேர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள். மேஸ்திரியம்மா போகவில்லை. ரொட்டியைத் தொடவும் இல்லை. அப்படியே நின்றவள், வரிசையிலிருந்து ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டதும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஒரு தாளை உருவி, ரொட்டியைச் சுற்றினாள். வரிசையிலும் சிலர் துப்பிவிட்டுக் கிளம்பினார்கள், சிலர் முதலாளியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, மாவக்காவுக்கும் தெரியாது. அவள் அடுத்த அடுப்புக்குத் தளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேறு பேக்கரி இல்லை, பசித்த பிள்ளைகள் எல்லார் வீட்டிலும் இருந்தார்கள். அன்றைக்கு ஊர் கொஞ்சம் கருகின ரொட்டியைத் தின்றது.